ஒம்புட்ஸ்மன்: குறை தீர்ப்பவரா, முறை கேட்பவரா?

2022 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்துக்கு ஒரு குட்டு விழுந்தது. கொரோனா தடுப்பூசி பேரத்தின்போது ஆணையத்தின் தலைவர் உர்சுலா ஃபான் டெர் லையன், ஃபைசர் நிறுவனத்தின் தலைமை நிர்வாகியோடு கைபேசியில் குறுஞ்செய்திகள் பரிமாறிக்கொண்டதாகச் செய்தி வந்திருந்தது. அவற்றைக் காட்டுங்கள் என்று ஒரு பத்திரிகையாளர் விண்ணப்பித்தார். அப்படி எந்த ஆவணமும் இல்லை என்று பதில் வந்தது. தேடும்போது குறுஞ்செய்திகளைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை என்பது பிறகுதான் வெளிப்பட்டது. இது நிர்வாக முறைகேடு என்று எழுத்தில் சொன்னவர் அயர்லாந்தைச் சேர்ந்த எமிலி ஓ'ரைலி. அவர் நீதிபதியும் அல்லர், அமைச்சரும் அல்லர். ஒருவருக்கும் ஒரு யூரோ அபராதம் விதிக்கக்கூட அவருக்கு அதிகாரம் கிடையாது. ஒன்றியத்தின் நிறுவனங்கள் மீது மக்கள் சொல்லும் முறையீடுகளை விசாரிக்கும் பதவி அவருடையது. அதன் பெயர் ஐரோப்பிய ஒம்புட்ஸ்மன்.

இந்தச் சொல்லைத் தமிழில் எழுத உட்காரும் ஒவ்வொருவரும் தடுமாறுகிறோம். அப்படியே ஒலிபெயர்த்தால் எதுவும் விளங்குவதில்லை. மொழிபெயர்த்தாலோ வேறு ஏதோ ஒன்று விளங்கிவிடுகிறது.

சொல் ஸ்வீடன் நாட்டுடையது. 'ஒம்புட்' என்றால் ஒருவரின் சார்பாகச் செயல்பட அனுமதி பெற்றவர், பதிலாள். 'மன்' என்றால் ஆள். நடுவில் உள்ள 'ஸ்' வேற்றுமை உருபு. பழைய வடமொழியில் (நம் வடமொழி அல்ல, ஸ்காண்டிநேவியருடையது) 'உம்போத்' என்றால் ஒப்படைக்கப்பட்ட அதிகாரம். ஸ்வீடனில் இன்றும் 'ஒம்புட்' மிகச் சாதாரணமான சொல். கட்சி மாநாட்டுக்குப் போகும் பேராளரும் ஒம்புட்தான். அஞ்சல் நிறுவனத்துக்காகப் பொட்டலங்களை வாங்கி வைத்துக் கொடுக்கும் மூலைக் கடையும் ஒம்புட்தான். சொல்லில் நீதியும் இல்லை, குறையும் இல்லை, தீர்ப்பும் இல்லை. 'ஏவப்பட்ட ஆள்', அவ்வளவுதான்.

இங்கே ஒரு சபலத்தைச் சொல்லிவிட வேண்டும். ஒம்புட்ஸ்மன் என்று கேட்டதும் தமிழ்க் காதுக்கு 'ஓம்பு' நினைவுக்கு வரும். விருந்தோம்பல், குடியோம்பல், ஓம்புநர். குடிகளை ஓம்புகிறவர் ஓம்புட்ஸ்மன்! எனக்கும் இந்தப் பொருத்தம் ஒருநாள் முழுக்க இனித்தது. ஆனால் ஒலி ஒற்றுமை உறவாகிவிடாது. அந்தச் சொல்லை 'ஓம்பு' என்று வெட்ட முடியாது. 'ஒம்', 'புட்' என்றுதான் பிரியும். 'ஒம்' என்பது 'சுற்றி, குறித்து' என்னும் முன்னொட்டு. 'புட்' என்பது கட்டளை, செய்தி. அந்தப் 'புட்'டின் உண்மையான உறவினரைத் தேடிப் போனால் இன்னும் வியப்பான இடத்துக்குப் போய்ச் சேருவோம். 'விழித்திருத்தல், உணர்தல், உணர்த்துதல்' என்று பொருள்படும் பழைய இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்று ஜெர்மானிய மொழிகளில் கட்டளையாகவும் செய்தியாகவும் மாறியது. சமஸ்கிருதத்தில் அதே வேர் 'போதி' ஆனது, 'புத்தர்' ஆனது. ஆக, ஒம்புட்ஸ்மனுக்கு நம் ஓம்புநர் சொந்தமில்லை, புத்தர் தூரத்துச் சொந்தம்.

பதவி பிறந்த கதையில் ஓர் அரசன் ஓடிப்போகிறான். 1709-இல் பொல்தாவாவில் ரஷ்யப் பேரரசர் பீட்டரிடம் தோற்ற ஸ்வீடன் அரசர் பன்னிரண்டாம் சார்லஸ், துருக்கிய சுல்தானின் ஆட்சிப் பகுதிக்குள் தஞ்சம் புகுந்தார். ஆண்டுக் கணக்கில் ஊர் திரும்பவில்லை. அரசர் இல்லாத நாட்டில் அதிகாரிகள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று விளக்கத் தேவையில்லை. 1713-இல் அங்கிருந்தபடியே ஓர் ஆணை அனுப்பினார்: நீதிபதிகளும் அதிகாரிகளும் சட்டப்படி நடக்கிறார்களா என்று பார்க்க 'அரசரின் உயர் ஒம்புட்ஸ்மன்' ஒருவர் இருக்கட்டும். அப்போது அவர் அரசரின் கண்; மக்களின் வாய் அல்ல. அந்தப் பதவி சில ஆண்டுகளிலேயே 'நீதித்துறை வேந்தர்' (அரசர் அல்ல, சான்சலர்) என்று பெயர் மாறி, ஸ்வீடனில் இன்றும் தனியாக இருக்கிறது.

சொல் இடம் மாறியது 1809-இல். புதிய அரசமைப்பு, நாடாளுமன்றமே தன் சார்பில் ஓர் ஒம்புட்ஸ்மனை நியமிக்கலாம் என்றது. அரசரின் ஆள் நாடாளுமன்றத்தின் ஆளானார். 1810-இல் லார்ஸ் அவுகுஸ்தின் மன்னர்ஹெய்ம் முதலாமவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிறகு நூறாண்டுக்கு மேல் இந்த ஏற்பாட்டை வேறு நாடு எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. பின்லாந்து 1920-இலும் டென்மார்க் 1955-இலும் தொடங்கின. 1962-இல் நியூசிலாந்து எடுத்துக்கொண்டதும் சொல் ஆங்கிலம் பேசும் நாடுகளுக்குள் நுழைந்தது. ஆங்கிலத்துக்கு இதற்கு ஒரு சொல் இல்லாததால் அவர்களும் ஸ்வீடனின் சொல்லையே கடன் வாங்கினார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு இந்தப் பதவியைத் தந்தது 1992-இன் மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை. 1995-இல் பின்லாந்தின் யாக்கோப் சோதர்மன் முதல் ஐரோப்பிய ஒம்புட்ஸ்மன் ஆனார். அலுவலகம் ஸ்ட்ராஸ்பர்க்கில். ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் முடிந்ததும் புதிய நாடாளுமன்றம் ஐந்தாண்டுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். 2025 பிப்ரவரியிலிருந்து போர்ச்சுகலின் தெரேசா அன்ஜினோ அந்தப் பொறுப்பில் இருக்கிறார்.

ஒன்றியத்தில் வசிக்கும் எவரும், குடியுரிமை இல்லாவிட்டாலும், முறையிடலாம். ஒன்றியத்தின் 24 ஆட்சிமொழிகளில் எதில் எழுதினாலும் அதே மொழியில் பதில் வரும். ஆனால் முதலில் அந்தந்த நிறுவனத்திடமே கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். விஷயம் தெரிந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வர வேண்டும். உங்கள் ஊர் நகராட்சி மீதோ உங்கள் நாட்டு அரசு மீதோ புகார் சொல்ல முடியாது. ஒன்றியத்தின் சொந்த நிறுவனங்கள் மீது மட்டும்தான். அவற்றுள்ளும் ஒன்றிய நீதிமன்றத்தின் தீர்ப்புகள் பக்கம் போக முடியாது. விசாரித்த பின் ஒம்புட்ஸ்மன் செய்யக்கூடியது, சமரசம் தேடுவது, பரிந்துரைப்பது, கேட்காவிட்டால் நாடாளுமன்றத்துக்கு எழுதுவது. குறுஞ்செய்தி விவகாரத்தில் ஆணையம் அசையவில்லை. அதே செய்திகளுக்காக நியூயார்க் டைம்ஸ் தொடுத்த வழக்கில், ஆணையத்தின் மறுப்பை ரத்து செய்தது 2025 மே மாதத்தில் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம்.

அந்த 24 மொழிகளே இந்தப் பதவியை ஒரே பெயரால் அழைப்பதில்லை என்பதுதான் சொல் ஆர்வலருக்குப் பிடித்த பகுதி. டச்சுக்காரர்கள் ஒம்புட்ஸ்மன் என்றே எழுதுகிறார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கும் இத்தாலியர்களுக்கும் அவர் 'இடைநிலையாளர்'. ஸ்பானியருக்கு 'மக்களின் காப்பாளர்'. ஜெர்மானியர் சொல்வது 'குடிமக்களுக்காகப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர்'. மூலப்பொருளுக்கு நெருக்கமாக வருவது இதுதான். ஒரே அலுவலகத்தின் வாசலில் சமாதானம் பேசுகிறவரும் சண்டைக்கு நிற்கிறவரும் பிரதிநிதியும் நிற்கிறார்கள். ஒவ்வொரு மொழியும் தன் மக்கள் அந்த நாற்காலியிடம் என்ன எதிர்பார்த்தார்களோ அதைப் பெயராக வைத்துவிட்டது.

நாமும் அதைத்தான் செய்திருக்கிறோம். 1963-இல் நாடாளுமன்ற உறுப்பினர் எல்.எம். சிங்வி உண்டாக்கிய 'லோக்பால்', மக்கள் காவலர் என்று பொருள்படுவது, ஸ்பானியப் பெயரின் பக்கம் சாய்கிறது. ஆனால் இந்தியாவில் அது ஊழல் விசாரணை அமைப்பாகிவிட்டதால் ஐரோப்பியப் பதவிக்கு உதவாது. இலங்கையின் சட்டம் 'நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர்' என்கிறது. துல்லியமான பெயர், ஆனால் மூச்சு வாங்குகிறது, ஆகவே பேச்சில் அங்கும் ஒம்புட்ஸ்மன்தான். தமிழ்நாட்டில் உள்ளாட்சிக்கு 'முறைமன்ற நடுவம்' வந்தது. அழகான சொற்கள், கேட்டதும் நீதிமன்றம் கண்முன் நிற்கிறது. ஐரோப்பிய ஒம்புட்ஸ்மனோ மன்றமும் இல்லாதவர், கட்டுப்படுத்தும் தீர்ப்பும் சொல்ல இயலாதவர். வங்கி, காப்பீடு, மின்சாரம் வழியாக அதிகம் பரவியது 'குறைதீர்ப்பாளர்'. என் சச்சரவு இந்தச் சொல்லோடுதான்.

அந்தப் பதவி தராத வாக்குறுதியைத் 'தீர்ப்பாளர்' என்ற சொல் தருகிறது என்பது ஒன்று. அதைவிடப் பெரியது 'குறை'. சங்கப் பாட்டான பெரும்பாணாற்றுப்படையில் அரசனிடம் வருகிறவர்களை இரண்டு வகையாகச் சொல்லும் ஓர் அடி உண்டு: 'முறைவேண்டு நர்க்கும் குறைவேண்டு நர்க்கும்'. தனக்கு இழைக்கப்பட்ட தவறுக்கு நியாயம் கேட்டு வருபவர் முறை வேண்டுநர். தன் தேவையைச் சொல்லி உதவி கேட்டு வருபவர் குறை வேண்டுநர். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை தோறும் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் முதியோர் உதவித்தொகைக்கும் பட்டாவுக்கும் மனு கொடுக்கிறார்களே, பெரும்பாலும் அவை குறைகள், பெயர் பொருந்துகிறது. ஒம்புட்ஸ்மனிடம் போகிறவர் உதவி கேட்டுப் போகவில்லை. 'எனக்குப் பதில் எழுதவில்லை, ஆவணத்தை மறைத்தார்கள், காரணம் சொல்லாமல் தள்ளிவிட்டார்கள்' என்று போகிறார். அது முறை.

இந்த முறையைச் சுற்றி ஒரு குடும்பமே தமிழில் தயாராக இருக்கிறது. நடந்தது முறைகேடு, சொல்வது முறையீடு. ஒரேயொரு எச்சரிக்கை: நாளிதழ்த் தமிழில் முறைகேடு என்றால் பணம் காணாமல் போயிருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய வழக்கில் தாமதமும் பாரபட்சமும் பதில் எழுதாமையும்கூட முறைகேடுதான், கையாடல் அவசியமில்லை. சொல்லின் பழைய அகலம் இதுவே என்பதால் நான் கவலைப்படவில்லை.

முன்பாதிக்கு 'முறை' என்றால் பின்பாதிக்கு 'கேள்'. அநியாயம் நடக்கும்போது நாம் என்ன சொல்கிறோம்? 'இதைக் கேட்க ஆளில்லையா?' காதால் கேட்பதும் வாயால் கேட்பதும் தமிழில் ஒரே வினை. குடிமக்கள் சொல்வதைக் கேட்பது, பிறகு அலுவலகத்தை ஏன் என்று கேட்பது: ஸ்ட்ராஸ்பர்க் அலுவலகத்தின் வேலை இந்த இரண்டு கேட்டலும்தான். 'குறைகேள் அதிகாரி' என்று எழுதியவர்கள் பாதி வழி வந்துவிட்டார்கள். என் வாக்கு 'முறைகேட்பாளர்' என்பதற்கு. 'மன்' ஆணா பெண்ணா என்று ஆங்கிலத்தில் நடக்கும் வாதமும் நமக்கு மிச்சம். 'ஆளர்' இருபாலுக்கும் போதும்.

ஓர் ஆபத்து இருக்கிறது, மறைக்கக் கூடாது. அச்சுக் கோப்பவரின் கை சற்றுத் தவறி 'ட்பா' இருக்க வேண்டிய இடத்தில் 'ட்டா' விழுந்தால் 'முறைகேட்டாளர்' ஆகிவிடும். முறைகேடு செய்தவர் என்று பொருள். ஆகவே 'முறை கேட்பாளர்' என்று இடம் விட்டு எழுதுவேன், முதல் முறை வரும் இடத்தில் பக்கத்திலேயே 'அதாவது ஒம்புட்ஸ்மன்' என்றும் சேர்ப்பேன். மெய்ப்புப் பார்ப்பவர் அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படிக்கட்டும்.