டிஸ்கவரி: கண்டுபிடிப்பு அல்ல, காட்டல்

நியூசிலாந்தில், பிரிந்துபோன துணையிடம் சொத்தில் பங்கு கேட்கப் போகிறவர் காதில் சீக்கிரமே விழும் சொல் 'டிஸ்கவரி'. அதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்பதே இங்கே கேள்வி. அகராதி 'கண்டுபிடிப்பு' என்று சொல்லும். அதை நம்பிச் சட்டத்துக்குள் போனால் வழி தவறிவிடும். இங்கே யாரும் துப்பறிவதில்லை. ஆவணத்தை வைத்திருப்பவர் அதை எடுத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

சொல்லின் வேரிலும் இதே பொருள்தான். மூடுவதைக் குறிக்கும் இலத்தீன் வினையோடு 'டிஸ்' முன்னொட்டுச் சேர்ந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது: மூடியதைத் திறத்தல். புதியதைக் கண்டறிதல் என்ற பொருள் பெருவழக்கான பிறகும் நீதிமன்றங்கள் பழைய பொருளை விடவில்லை. இங்கிலாந்து 1999இல் 'டிஸ்குளோஷர்' என்று பெயரை மாற்றிக்கொண்டது. நியூசிலாந்தில் டிஸ்கவரியே நிற்கிறது.

வழக்கமாக இது வழக்குத் தொடுத்தபின் வரும் கட்டம். இந்தியாவின் 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில், 11ஆம் கட்டளையின் கீழ் வருவதும் அப்படித்தான். நியூசிலாந்து உயர் நீதிமன்ற விதி 8.20 வழக்குக்கு முன்பே கேட்க இடம் தருகிறது. ஆனால் சும்மா கிடைக்காது. கேட்பவருக்கு வழக்காடும் உரிமை இருக்கக்கூடும் என்று தெரிய வேண்டும். அந்த ஆவணத்தைப் பார்க்காமல் கோரிக்கையை வகுக்க இயலாது, அல்லது நடைமுறையில் முடியாது என்று காட்ட வேண்டும். அது எதிராளி கையிலோ வேறொருவர் கையிலோ இருக்கலாம், அல்லது இருந்திருக்கலாம் என நம்பக் காரணமும் வேண்டும். எதற்கும் வலையை வீசிப் பார்ப்போம் என்றால் நடக்காது.

இவ்வளவு பாடு எதற்கு? நியூசிலாந்தின் 1976ஆம் ஆண்டு 'பிராப்பர்ட்டி (ரிலேஷன்ஷிப்ஸ்)' சட்டப்படி, மணமாகாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கும் பொதுவாக 3 ஆண்டு ஆகியிருந்தால் பாதிப் பங்கு உண்டு. பாதி என்பதில் குழப்பமில்லை. எதில் பாதி என்பதில்தான் குழப்பம். அங்கே வீட்டையும் தொழிலையும் குடும்ப டிரஸ்டில் (குடும்பத்தாரின் நலனுக்காகப் பொறுப்பாளர்கள் சொத்தை வைத்திருக்கும் ஏற்பாடு) வைப்பது பரவலான பழக்கம். டிரஸ்ட் பத்திரத்தைப் படிக்காமல் யார்மேல், என்ன கேட்பது? 2016இல் கிளேட்டன் வழக்கில், டிரஸ்ட் பத்திரம் கணவருக்குத் தந்திருந்த அதிகாரங்களே சொத்துதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பத்திரத்தின் வாசகத்துக்கு அத்தனை கனம். கெடுவும் உண்டு: மணமாகாத இணையருக்குப் பிரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு.

இப்படிப் பங்கிட வேண்டிய சொத்துக்குச் சட்டம் தரும் பெயர் 'ரிலேஷன்ஷிப் பிராப்பர்ட்டி'. தமிழில் 'உறவுச் சொத்து' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது மாமன் மச்சான் சொத்துப்போல ஒலிக்கிறது. 'இணைவாழ்வுச் சொத்து' தெளிவு.

டிஸ்கவரிக்குச் சிலர் 'வெளிப்படுத்தல்' என்கிறார்கள். பிழையில்லை, ஆனால் வாயால் சொல்வதும் வெளிப்படுத்தல்தான். பெரியபுராணத்தில் சுந்தரரைத் தன் அடிமை என்று வந்த கிழவரிடம் திருவெண்ணெய்நல்லூர் அவை சான்று கேட்கிறது: ஆட்சி (நெடுநாள் அனுபவம்), ஆவணம், அயலார் காட்சி (சாட்சி), மூன்றில் ஒன்று 'காட்டுவாய்'. சுந்தரர் கிழித்தது படியோலை, மூல ஓலை தன்னிடம் இருக்கிறது என்கிறார் கிழவர். அங்கே காட்ட வேண்டியவர் வழக்காளி, டிஸ்கவரியில் பெரும்பாலும் எதிராளி, வினை ஒன்றே. ஆகவே என் தேர்வு 'ஆவணங்காட்டல்'. விதி 8.20 தருவது 'வழக்குமுன் ஆவணங்காட்டல் ஆணை'.