பாலிமார்ஃபிசம்: உருமாற்றம் அல்ல, பல்லுரு

சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு ‘பாலி’ புதிதில்லை. பாலிகிளினிக்கைப் பலதுறை மருந்தகம் என்கிறோம், பாலிடெக்னிக்கைப் பலதுறைத் தொழிற்கல்லூரி என்கிறோம். கிரேக்கத்தில் ‘பாலி’ என்றால் பல, ‘மார்ஃபே’ என்றால் உரு. சேர்ந்தால் பாலிமார்ஃபிசம். இதைத் தமிழில் எழுதச் சொன்னால் சிலர் சட்டென்று ‘உருமாற்றம்’ என்று போட்டுவிடுகிறார்கள். கொவிட் காலத்தில் ‘உருமாறிய கிருமி’ என்று கேட்டுக் கேட்டுப் பழகிய பழக்கம். எனக்கு இது மனத்தை உறுத்துகிறது. ஏன் என்பதை ஒரு புரதத்தை வைத்தே சொல்கிறேன்.

ரத்தத்தில் சி3 என்றொரு நோயெதிர்ப்புப் புரதம் இருக்கிறது. கிருமிகளை ஒழிப்பதில் ஒன்றுசேர்ந்து துணைநிற்கும் ‘நிரப்புப் புரதங்களில்’ அதிகம் இருப்பது அதுதான், லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிராம். கிருமியின்மேல் ஒட்டிக்கொண்டு வெள்ளணுக்களுக்கு அடையாளம் காட்டும். எல்லார் உடம்பிலும் அது ஒன்றுபோல இருப்பதில்லை என்பது 1960களின் பிற்பகுதியில் தெரிந்தது.

கண்டுபிடிக்கும் முறை அழகானது. நோன்பு திறக்கும்போது வைக்கும் கடற்பாசி, அதாவது அகார் அகார், ஞாபகம் இருக்கிறதா? அதிலிருந்து பிரித்தெடுத்த அகரோசைத்தான் மெல்லிய கூழ்த் தகடாக ஊற்றுகிறார்கள். அதில் சிறு கீறல் போட்டு, ஒரு துளிக்கும் குறைவான சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை, வைத்து மின்சாரம் பாய்ச்சி, அப்புறம் சாயமேற்றினால் கோடுகள் தெரியும். சிலருக்கு மெதுவாக நகர்ந்த கோடு, சிலருக்கு நேர்மின்முனையை நோக்கி வேகமாகப் போன கோடு, சிலருக்கு இரண்டும். புரதத்தில் ஒரே ஓர் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருப்பதுதான் காரணம். ஆர்ஜினினின் நேர்மின்னேற்றம் இல்லாததால் அந்த வகை முந்துகிறது. தாய் வழியில் ஒன்றும் தந்தை வழியில் மற்றொன்றும் வந்திருந்தால் இரண்டு கோடும் விழும். சீரம் பழையதாக இருக்கக்கூடாது. சி3 உடைந்து, அதன் துண்டு இன்னும் முன்னே ஓடிப்போய்ப் பரம்பரை வகைபோலவே ஏமாற்றும்.

வேக வகை ஐரோப்பியர்களிடம் சாதாரணம், கிழக்காசியர்களிடம் மிக அரிது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் சேர்ந்து வாழும் நம் ஊரில் இப்படிப்பட்ட வேறுபாடுகளைத் தேடுவது இயல்புதானே. 2019இல் வெளியான ஆய்வொன்றில் 4,810 சிங்கப்பூரர்களின் மரபணுத்தொகுதியை வாசித்திருக்கிறார்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். வேக வகை உள்ளவர் உடம்பில் எதுவும் மாறவில்லை, பிறந்ததிலிருந்தே அப்படித்தான். பாலிமார்ஃபிசத்துக்கு 1940இல் பிரிட்டிஷ் மரபியலாளர் இ. பி. ஃபோர்டு தந்த வரையறையும் இதையே சொல்கிறது: ஒரே கூட்டத்தில் பல உருவங்கள் சேர்ந்திருக்க வேண்டும், அவற்றில் மிக அரியதுகூட, திரும்பத் திரும்ப நேரும் பிறழ்வால் (மரபணுவில் புதிதாக நேரும் மாற்றத்தால்) மட்டுமே நிலைக்க முடியாத அளவுக்கு இருக்க வேண்டும். ஆகவே ‘பல்லுருத்தன்மை’ என்பதே சரி. பல் + உயிர் பல்லுயிர் ஆவதுபோல், பல் + உரு பல்லுரு. மரபணுவின் ஒவ்வொரு வடிவத்துக்கும் ‘மாற்றுரு’ என்ற சொல் இருக்கிறது. அங்கே ‘மாற்று’ என்பது மாற்றுத்துணியில் வரும் மாற்று. ‘சி3 புரதம் பல்லுருத்தன்மை உடையது, இவருக்கு அதன் இரண்டு மாற்றுருக்களும் உள்ளன’ என்று தாராளமாக எழுதலாம்.