கூகுளில் இருந்து கூப்பிட்டுப் பணம் கேட்டால் போனை வையுங்கள்

சிறு கடைகளின் கூகுள் பக்கத்தைப் பார்த்துக்கொடுப்பது என் வேலை. போன வாரம் மடிப்பாக்கத்தில் இருந்து ஓர் அம்மா வந்திருந்தார். கல்யாணச் சீர் பட்சணம் செய்பவர். வீட்டிலேயே அடுப்பு போட்டு, உதவிக்கு இரண்டு பேரை வைத்து நடத்துகிறார். "தம்பி, இந்த முகூர்த்தம் முழுக்க ஒரு புது போன்கூட வரலை, என்னன்னு பாருங்க" என்றார். கூகுள் மேப்பில் தேடினேன். கடைப் பெயர் அவருடையது, படங்கள் அவருடையவை, ரிவ்யூ எழுதியவர்களும் அவருடைய வாடிக்கையாளர்கள்தான். போன் நம்பர் மட்டும் வேறு. கூப்பிட்டேன். "எத்தனை சுத்து முறுக்கு வேணும் சார்?" என்று ஓர் ஆண் குரல் கேட்டது.

நடந்தது இதுதான். போன வருடம் ஒருவன், "கூகுளில் இருந்து பேசுகிறோம், உங்க லிஸ்டிங் எக்ஸ்பைரி ஆகப்போகுது" என்று பேசி 8,500 ரூபாய் வாங்கியிருக்கிறான். போனுக்கு வந்த ஓடிபி எண்ணையும் கேட்டு வாங்கி, லிஸ்டிங்கைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டான். இந்த வருடம் 'ரினீவல்' என்று மறுபடி கேட்டிருக்கிறான், அம்மா தரவில்லை. சில நாளில் நம்பர் மாறிவிட்டது. இரண்டு மாதத்தில் என்னிடம் வந்த நான்காவது கேஸ் இது. ஆதம்பாக்கத்தில் ஏசி மெக்கானிக், கொளத்தூரில் ஆரி வேலை செய்பவர், பெரம்பூரில் டியூஷன் டீச்சர். கதை எல்லாம் ஒன்றுதான், தொகைதான் வேறு.

மேப்பில் உங்கள் கடைக்கு என்று வரும் பக்கம்தான் லிஸ்டிங். கூகுள் அதை பிசினஸ் புரொஃபைல் என்கிறது, அது இலவசம். 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்று இருந்ததே, அதேதான். அதற்கு எக்ஸ்பைரி தேதி கிடையாது, ரினீவலும் கிடையாது. கடை நேரம் சரிதானா என்று கேட்டு கூகுளின் தானியங்கிக் குரல் கூப்பிடுவது உண்டு. அது பணம் கேட்காது, உங்கள் போனுக்கு வந்த ஓடிபி எண்ணையும் கேட்காது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு கேள்வி வரும்: "சரி சார், ஆனா பணம் கட்டினா முதல் இடம் வரும்ல?" ஆடிட்டர்கூட ஒருவர் கேட்டார். வராது. மேப்பில் யாரை மேலே காட்டுவது என்பதற்கு கூகுள் மூன்று விஷயம் பார்ப்பதாக அதுவே சொல்கிறது. தேடியதற்கும் உங்கள் தொழிலுக்கும் பொருத்தம், தேடுகிறவர் இருக்கும் இடத்திலிருந்து தூரம், உங்கள் கடை எந்த அளவுக்கு அறியப்பட்டது என்பது. இதில் எதையும் காசு கொடுத்து வாங்க முடியாது. பணம் கட்டி மேலே வருவதற்கு விளம்பரம் இருக்கிறது. அதில் 'ஸ்பான்சர்டு' என்று போட்டிருக்கும், பணம் நின்றால் அதுவும் நின்றுவிடும். அது வேறு கணக்கு.

ஆனால் முதல் இடம் விற்க வந்தவன் தேடிக் காட்டினானே, என் கண்ணாலேயே பார்த்தேனே என்பார்கள். எங்கே பார்த்தீர்கள்? உங்கள் கடையில் உட்கார்ந்து, உங்கள் போனில். தூரம் ஒரு காரணம் என்றேன் அல்லவா? கடைக்குள்ளேயே இருந்து தேடினால் உங்கள் கடை மேலே வருவதில் என்ன அதிசயம்? வேளச்சேரி விஜயநகர் பஸ் ஸ்டாண்டில் நின்று தேடிப் பாருங்கள், அப்புறம் நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயில் வாசலில் நின்று தேடிப் பாருங்கள். இரண்டு இடத்திலும் வேறு வேறு வரிசை வரும். ஊர் முழுக்க ஒரே 'நம்பர் ஒன்' என்று ஒன்று இல்லவே இல்லை. இல்லாத இடத்தை விற்கிறார்கள், நாம் ஜிபே பண்ணுகிறோம். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எங்கள் தொழிலில் இருப்பவர்களே இப்படித் தேடி எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை ஒட்டி மாதாந்திர ரிப்போர்ட் கொடுக்கிறார்கள்.

லிஸ்டிங்கை யாரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னாலும் சரி, என்னிடம் கொடுத்தாலும் சரி, ஓனர் உங்கள் ஜிமெயில்தான். வேலை செய்பவரை மேனேஜராகச் சேர்த்துவிடுங்கள், அதற்குமேல் அவருக்குத் தேவை இல்லை. பாஸ்வேர்டு கேட்டால் ஆளை மாற்றுங்கள். இன்ஸ்டாகிராமுக்கும் விளம்பரக் கணக்குக்கும் இதே கதைதான். மச்சானுடைய நண்பன் பெயரில் ஆரம்பித்த கணக்கு மச்சானுடைய நண்பனுக்குத்தான் சொந்தம்.

ரிவ்யூ வாங்காதீர்கள். 50 ரிவ்யூ இத்தனை ரூபாய் என்று வருகிறவனை வாசலோடு அனுப்புங்கள். கூகுள் கண்டுபிடித்தால் அழித்துவிடும், போலி ரிவ்யூ நீக்கப்பட்டது என்று உங்கள் பக்கத்திலேயே எழுதியும் வைக்கும். தள்ளுபடி தருகிறேன், ரிவ்யூ போடுங்கள் என்பதும் விதிக்குப் புறம்பானது. பலருக்கு இது தெரியாது. சரக்கு கொடுத்த மறுநாள் வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பிக் கேளுங்கள். பத்தில் இரண்டு பேர் எழுதினாலும் போதும். அப்புறம், பெயர்ப் பலகையில் இருப்பதுதான் லிஸ்டிங்கிலும் பெயர். 'பெஸ்ட் ஸ்வீட்ஸ் இன் மடிப்பாக்கம்' என்று பின்னால் வால் ஒட்டினால் கூகுள் லிஸ்டிங்கையே முடக்கிவிடக்கூடும்.

வீட்டில் இருந்து தொழில் செய்யும் பெண்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளர் வீட்டுக்கு வருவதில்லை என்றால் முகவரியை மறைத்துவிடுங்கள். எந்தெந்தப் பகுதிக்கு டெலிவரி என்று 20 இடம் வரை குறிக்க வசதி இருக்கிறது, அதைக் குறித்தால் போதும். கதவு எண்ணோடு வீட்டைப் போட்டுவிட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு எவனோ வாசலில் நிற்கிறான் என்று ஒருவர் அழுததை நான் கேட்டிருக்கிறேன்.

மடிப்பாக்கத்து அம்மாவுக்காக கூகுளில் உரிமை கோரி விண்ணப்பித்தோம். இப்போது வைத்திருப்பவன் பதில் சொல்ல 3 நாள் அவகாசம். அவன் வாயே திறக்கவில்லை. அடுத்து வீடியோ சரிபார்ப்பு. தெருப் பெயர்ப் பலகையில் ஆரம்பித்து, வாசல், அடுப்படி, முறுக்கு அச்சு, எஃப்எஸ்எஸ்ஏஐ உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் என்று வெட்டாமல் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். முதல் இரண்டு தடவையும் பேரன் குறுக்கே ஓடி வந்துவிட்டான், மூன்றாவது சரியாக வந்தது. புது ஓனர் பழையவரை நீக்க 7 நாள் பொறுக்க வேண்டும் என்பது விதி. அந்த ஏழு நாளும் அம்மா காலையில் எழுந்ததும் முதலில் நம்பரைத்தான் பார்த்தாராம். எட்டாம் நாள் அவரே அவனை நீக்கினார். 8,500 ரூபாய்க்கு சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐக் கூப்பிட்டுப் புகார் கொடுத்திருக்கிறோம், ஒரு வருடம் கழித்துக் கொடுத்ததால் பெரிய நம்பிக்கை இல்லை. அன்றே கூப்பிட்டிருந்தால் பணம் போன கணக்கை முடக்க ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும்.