பிரின்ஸ் விளையாட விண்டோஸை மாற்றாதீர்கள்

போன வாரம் ஒருவர் லேப்டாப்பைக் கொண்டுவந்து கடை மேஜையில் வைத்தார். 8 ஜிபி ராம் உள்ள மெஷின், ஆன் செய்தால் 3 ஜிபி சொச்சம்தான் தெரிகிறது. உள்ளே 32 பிட் விண்டோஸ் 7, அதற்கு மேல் ராமைப் பயன்படுத்தத் தெரியாத பதிப்பு. கேட்டால், மகளுக்கு பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா என்ற பழைய டாஸ் கேமைக் (டாஸ் என்பது விண்டோஸுக்கு முந்தைய சிஸ்டம்) காட்ட ஆசைப்பட்டாராம். பழைய விண்டோஸ் போட்டால் ஓடும் என்று தெரிந்த பையன் ஒருவன் போட்டுக் கொடுத்துவிட்டான். இந்த வருடத்தில் இது மூன்றாவது கேஸ், அதனால்தான் எழுதுகிறேன்.

கொடுமை என்னவென்றால், அதிலும் பிரின்ஸ் ஓடவில்லை. டபுள் கிளிக் செய்தால், இந்த சிஸ்டத்தில் ஃபுல் ஸ்க்ரீன் முறை கிடையாது என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. விண்டோஸ் 7-க்கு முந்தைய விஸ்டாவோடு வந்த புது டிஸ்ப்ளே டிரைவர்களிலேயே அது போய்விட்டது.

அடுத்து, என் பொறுமையைச் சோதிக்கும் கேள்வி. "ரைட் கிளிக் பண்ணி கம்பாட்டிபிலிட்டியில விண்டோஸ் 95 டிக் பண்ணேன், அப்பவும் ஓடலையே சார்?" ஓடாது சார். அந்த டிக், விண்டோஸுக்காக எழுதிய பழைய புரோகிராமிடம் ‘நீ விண்டோஸ் 95-ல்தான் இருக்கிறாய்’ என்று பொய் சொல்வதற்கு. டாஸ் கேமுக்கு விண்டோஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது, அதனிடம் எந்தப் பொய்யைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? 16 பிட் டாஸ் புரோகிராமை ஓட்டும் பகுதியே இன்றைய 64 பிட் விண்டோஸில் இல்லை. 95-க்குப் பதில் 98 வைத்தாலும் இல்லை, அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினாலும் இல்லை, ஆன்டிவைரஸை அணைத்தாலும் இல்லை. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது.

தேவை டாஸ்பாக்ஸ் மட்டும்தான், விண்டோஸுக்குள்ளேயே பழைய டாஸ் கம்ப்யூட்டர் போல நடிக்கும் புரோகிராம். 2002-லிருந்து இருக்கிறது, இலவசம், அதன் சொந்தத் தளத்திலேயே கிடைக்கும். கேம் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து, அதன் இஎக்ஸ்இ ஃபைலை இழுத்து டாஸ்பாக்ஸ் ஐகான் மேல் போடுங்கள், ஓடும். ஒரு ஃபோல்டரை டாஸ்பாக்ஸுக்கு டிரைவாகக் காட்டும் மவுண்ட் கட்டளை அடித்துத்தான் பழக்கம் என்றால் சரி, ஆனால் கேமுக்கென்று தனி ஃபோல்டர் வைத்து அதை மட்டும் மவுண்ட் செய்யுங்கள். சி டிரைவ் முழுவதையும் தூக்கிக் கொடுக்காதீர்கள், உள்ளே ஓடும் புரோகிராம் ஃபைலை அழித்தால் நிஜமாகவே அழியும்.

ஆட்டம் ஆமையாக நகர்ந்தால் கன்ட்ரோலும் எஃப்12-ம், தலைதெறிக்க ஓடினால் கன்ட்ரோலும் எஃப்11-ம் (லேப்டாப் என்றால் எஃப்என் கீயும் சேர்த்து). மவுஸ் உள்ளே மாட்டிக்கொண்டால் கன்ட்ரோல் எஃப்10. தயவுசெய்து பவர் பட்டனை அமுக்கிப் பிடிக்காதீர்கள், அப்படிச் செய்துவிட்டு ‘ஹேங் ஆகிறது’ என்று வருபவர்களும் உண்டு. அப்புறம், பிரின்ஸில் முதல் லெவல் முடிந்ததும் எழுத்து போட்ட குடுவைகள் வரிசையாக நிற்கும், தப்பானதைக் குடித்தால் ஆள் காலி. அது வைரஸ் இல்லை, அந்தக் காலத்துக் காப்பி தடுப்பு. கேமோடு வந்த புத்தகத்தைப் பார்த்துத்தான் குடிக்க வேண்டும்.

வைரஸ் வேறு இடத்தில் இருக்கிறது. டேவ், பிரின்ஸ் எல்லாம் ப்ளாப்பியில் வந்த ஆட்டங்கள், ஒரு ப்ளாப்பி 1.44 எம்பிதான். ‘டேவ் செட்டப்’ என்று 60 எம்பி இறங்கினால், மிச்சத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசிக்க மாட்டீர்களா? பழைய ஆட்டங்களில் பலவற்றை ஜிஓஜி தளம் டாஸ்பாக்ஸையும் சேர்த்தே விற்கிறது, கிடைத்தால் அங்கே வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த லேப்டாப்புக்கு வருகிறேன். "போட்டோ எல்லாம் டி டிரைவில்தானே சார் இருந்தது, அது எப்படிப் போகும்?" என்றார். புது லேப்டாப்பின் டிஸ்க் ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறையில் இருக்கும், 32 பிட் விண்டோஸ் 7 அதில் ஏறாது. பையன் மொத்த டிஸ்க்கையும் அழித்து எம்பிஆர் என்ற பழைய முறைக்கு ஆக்கியிருக்கிறான், சி, டி எல்லாம் சேர்ந்து போயிற்று. எஸ்எஸ்டி இல்லை, சுழலும் பழைய வகை ஹார்டு டிஸ்க் என்பதால் மீட்பு மென்பொருளை ஒன்றரை நாள் ஓடவிட்டேன். படங்கள் பாதிதான் வந்தன, ஃபைல் பெயரும் ஃபோல்டரும் போய் வெறும் நம்பர்களாக. எது எந்த வருடம் என்று அவர் வீட்டில் உட்கார்ந்து இன்னும் பிரித்துக்கொண்டிருக்கிறார்.