நாளைக்கு ஆடிஷன், இன்னைக்குக் குரல் போச்சு

சென்னையில கோடை நாடக விழா நெருங்கற சமயம், ஸ்கூல் ஆண்டு விழா சமயம், இல்லன்னா ஏதாவது ஒரு குழு புது நாடகத்துக்கு ஆள் எடுக்கறோம்னு வாட்ஸப்ல போஸ்டர் சுத்த விட்ட சமயம், இந்த மூணுலயும் எங்க கிளினிக்குக்கு ஒரே மாதிரி ஆளுங்க வருவாங்க. ஜுரம் இருக்காது, சளி இருக்காது, வாயைத் திறந்தா பாதி காத்துதான் வரும். நாளைக்கு ஆடிஷன், ஏதாவது ஊசி போட்டு ஒரு நாளைக்கு மட்டும் ஓட்டிவிடுங்கன்னு கேப்பாங்க. நான் ஊசி போடற ஆள் இல்லைங்க. வாய்ஸ் தெரபிஸ்ட். இ.என்.டி டாக்டர் கேமரா விட்டுப் பார்த்து என்ன பிரச்சினைன்னு சொன்னதுக்கு அப்புறம் அந்தக் குரலை எப்படிப் பயன்படுத்தறதுன்னு பழக்கறதுதான் என் வேலை.

இப்படி வர்றவங்க யாருன்னு பார்த்தா பெரும்பாலும் முழு நேர நடிகர்களே இல்லை. பேங்க், ஐ.டி, கால் சென்டர், ஸ்கூல் டீச்சர். இது இங்க புதுசும் இல்லை, பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல சுகுண விலாச சபாங்கற நாடகக் குழுவை ஆரம்பிச்சப்பவே பகல்ல வேற வேலை பார்க்கற படிச்சவங்க சாயங்காலம் மேடை ஏறினதுதான் கதை. அதுல இருக்கற சிக்கலை மட்டும் யாரும் கணக்குல எடுக்கறதில்லை. பகல் பூரா நாப்பது பசங்க இருக்கற கிளாஸ்ல கத்திட்டு, டிராஃபிக்ல போன்ல பேசிட்டே வந்து, ஏழு மணிக்கு ரிகர்சல்ல உக்காந்தா அந்தக் குரல் அங்க வர்றதுக்கு முன்னாடியே பாதி தேஞ்சு போயிருக்கும். வேலையால குரல் கெட்டு வர்றவங்கள்ல டீச்சர்கள் எப்பவுமே முன் வரிசையில இருப்பாங்க, அதுலயும் நாடகம் போடற டீச்சர்னா ரெட்டைச் சுமை.

குரல்நாண்ங்கறது ரெண்டு சின்ன சதை மடிப்பு, பெரிய ஆம்பளைக்கே அதிகபட்சம் ரெண்டரை சென்டிமீட்டர் நீளம் இருந்தா ஜாஸ்தி. சாதாரணமாப் பேசும்போது அது ஆண்களுக்கு ஒரு செகண்டுல நூறு தடவைக்கு மேல, பெண்களுக்கு ஏறக்குறைய இருநூறு தடவை ஒண்ணோடொண்ணு மோதும். கோவமா டயலாக் பேசறப்போ எண்ணிக்கையும் ஏறும், மோதற வேகமும் ஏறும். தினம் மண்வெட்டி பிடிக்கறவங்க கையில காய்ப்பு காய்க்கற மாதிரி, அதிகமா மோதற இடத்துல ரெண்டு பக்கமும் சின்னதா தடிச்சுப் போகும், அதுக்குப் பேர் நாடுல். ரெண்டு நாள்ல வர்றது இல்லை இது, வாரக்கணக்குல ஆகும். அதனால ஆடிஷனுக்கு முந்தின நாள் போச்சுன்னு நீங்க சொல்ற குரல் அனேகமா ஒரு மாசம் முன்னாடியே போக ஆரம்பிச்சிருக்கும், நீங்க காலையில செருமிட்டு சமாளிச்சிருப்பீங்க. நல்ல சேதி என்னன்னா நாடுல்னு தெரிஞ்ச உடனே ஆபரேஷன்னு பயப்பட வேண்டாம், நிறைய பேருக்குப் பேசற விதத்தை மாத்தற பயிற்சியிலயே கரைஞ்சு போயிடும்.

ஆடிஷனுக்கு வருவோம். மோனோலாக், அதாவது தனியாளா பேசற வசனம், ஒண்ணு தயார் பண்ணிட்டு வாங்கன்னா பத்துல எட்டு பேர் கத்தற சீனோ கதறி அழற சீனோதான் எடுத்துட்டு வர்றாங்க. நடிப்புன்னா அதுதான்னு யாரு சொல்லிக்கொடுத்தாங்களோ தெரியல. டைரக்டருங்களும் லேசுப்பட்டவங்க இல்லை, இன்னும் எனர்ஜி இன்னும் எனர்ஜின்னு அதே சீனை மூணு நாலு தடவை பண்ணச் சொல்லுவாங்க, அதுவும் காலையில பத்து மணிக்கு ஏ.சி ரூம் வாசல்ல ரெண்டு மணி நேரம் வாய் மூடாம அரட்டை அடிச்சுட்டு நிக்கற ஆளை, எந்த வார்ம்-அப்பும் இல்லாம. ஒருத்தர் குரல்ல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க ஒரு தடவை கத்த வச்சாப் போதும், மிச்சத்தை அமைதியான சீன்ல கேளுங்க, சொல்லப்போனா அங்கதான் நடிகன் யாருன்னு தெரியும்.

இதைச் சொன்னா பெரியவங்க சிலர், அந்தக் காலத்து நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் பாடலையான்னு கேப்பாங்க. பாடினார்தான், ஆனா கத்தறதும் எட்டறதும் வேற வேற. மனுஷக் காது ரெண்டாயிரத்துல இருந்து அஞ்சாயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள சத்தத்தைத்தான் ரொம்ப நல்லாப் பிடிக்கும், பயிற்சி உள்ள குரல் தன் சக்தியை அந்தப் பக்கம் குவிக்கும், கணீர்னு கேக்கறதுக்குக் காரணம் அதுதான். பயிற்சி இல்லாதவங்க செய்யறது கழுத்தை இறுக்கி காத்தை முட்டித் தள்ளறது. பக்கத்துல நிக்கறவங்களுக்கு பயங்கர சத்தம், கடைசி வரிசைக்கு ஒரு வார்த்தையும் புரியாது. அடி வயித்துல இருந்து மூச்சு, வாயை நல்லாத் திறக்கறது, க, ட, த, ப எல்லாம் தெளிவா உடைக்கறது, இந்த மூணும் இருந்தா பாதி சத்தத்துலயே எட்டிடும்.

ரிகர்சல் ரூம்ல இன்னொரு வில்லன் உண்டு, பேக்ரவுண்ட் மியூசிக். சுத்தி சத்தம் இருந்தா நம்மளை அறியாம குரலை உசத்துவோம், இதை எதியென் லொம்பார்ட்னு ஒரு பிரெஞ்சு இ.என்.டி டாக்டர் 1911-லயே எழுதி வச்சிருக்கார். ஸ்பீக்கர்ல பாட்டு ஓட விட்டு அதுக்கு மேல டயலாக் பேசிப் பழகற குழுவுல எல்லாருமே கத்திட்டு இருப்பாங்க, ஒருத்தருக்கும் தான் கத்தறோம்னே தெரியாது. மியூசிக்கைக் கடைசி சில ரிகர்சலுக்கு மட்டும் வச்சுக்கோங்க. எங்க நிக்கணும் எப்போ நடக்கணும்னு பார்க்கற ரிகர்சலுக்கு முழுக் குரல் எதுக்கு, அரைக் குரல்ல சொல்லிட்டுப் போனா போதும். அரைக் குரல்னா கிசுகிசுப்பு இல்லை, அழுத்தி கிசுகிசுக்கறதும் குரல்நாணை இறுக்கத்தான் செய்யும்.

தெருக்கூத்து பார்த்திருந்தா கவனிச்சிருப்பீங்க, விடிய விடிய ஆடறவங்க ஒரு வரி பாடி விட்டா பின்பாட்டுக்காரங்க அதைப் பிடிச்சுக்குவாங்க, முகவீணையும் ஹார்மோனியமும் ஓடும், கட்டியக்காரன் நடுவுல புகுந்து பேசுவான், ஆடறவருக்கு அந்த நேரம் தொண்டைக்கு ஓய்வு. சீசன்ல தினம் ஆடறவங்க குரல் கரகரன்னு ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன், ஆகுது. ஆனா அந்த அமைப்புலயே மூச்சு விட இடம் இருக்கு. நம்ம சபா நாடகத்துல ஒரே ஆள் ரெண்டு மணி நேரம் மேடையை விட்டு இறங்காம பேசற மாதிரி எழுதிட்டு அதே நாள் சாயங்காலம் ரெண்டாவது ஷோவும் வைக்கறோம்.

இப்போ கை வைத்தியம். பனங்கற்கண்டு, மிளகுப் பால், சித்தரத்தை, அதிமதுரம். சாப்பிடுங்க, தொண்டைக்கு இதமா இருக்கும், நானே சாப்பிடுவேன். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோங்க, முழுங்கற எதுவும் குரல்நாண் மேல படாது, பட்டா புரையேறிடும். தண்ணியும் அப்படித்தான், உடம்புக்குள்ள போய் ரத்தம் வழியா வரணும், அதனால மேடை ஏறறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி ஒரு பாட்டில் குடிச்சா பாத்ரூம்தான் வரும், காலையில இருந்தே குடிக்கணும். அதிமதுரத்தை பிரஷர் உள்ளவங்க தினம் மெல்லாதீங்க, அளவு மீறினா பிரஷரை ஏத்தும். குரல்நாண் வரைக்கும் நேரா போறது ஆவிதான், அதுல தைலம் போட வேண்டாம், வெறும் வெந்நீர் போதும். ஒரு ஸ்ட்ராவை வாயில வச்சு அது வழியா "ஊ"ன்னு மெதுவா ஏத்தி இறக்கி நாலஞ்சு நிமிஷம் ஊதிப் பழகுங்க, ஆடிஷன் வாசல்ல நிக்கும்போது செய்யறதுக்கு இதை விட நல்ல வார்ம்-அப் எனக்குத் தெரியாது, பக்கத்துல இருக்கறவங்க சிரிச்சா சிரிக்கட்டும். ரிகர்சல் முடிஞ்சு பதினோரு மணிக்கு பரோட்டா சால்னா சாப்பிட்டு வந்து அப்படியே படுக்கற பழக்கத்தையும் விட்ருங்க, ஆசிட் மேல ஏறி காலையில தொண்டை கரகரங்கறதுக்கு அது ஒரு முக்கியமான காரணம்.

ஊசி, ஸ்டீராய்டு மாத்திரை விஷயத்துக்கு வர்றேன். சில சமயம் டாக்டரே கொடுப்பார், உள்ள பார்த்துட்டு கொடுத்தா அது வேற. பார்க்காம மெடிக்கல் ஷாப்ல வாங்கிப் போட்டா வீக்கம் இறங்கி குரல் வந்துரும், வந்துருச்சேன்னு நீங்க அதே சீனை அதே மாதிரி கத்துவீங்க, உள்ள ரத்தக் குழாய் வெடிச்சா ஒரு வார்த்தை நடுவுல குரல் டக்குன்னு நின்னு போகும். அப்படி நின்னா அன்னைக்கு ஷோ முடிஞ்சது, யார் என்ன சொன்னாலும் வாயைத் திறக்காம அன்னைக்கே இ.என்.டி டாக்டர்கிட்ட போங்க. ஷோ நாள்ல தலைவலின்னு ஆஸ்பிரின் போடறதையும் தவிர்க்கலாம், ரத்தக் கசிவைக் கூட்டும். இதயத்துக்காக டாக்டர் எழுதிக் கொடுத்ததை மட்டும் நீங்களா நிறுத்தக் கூடாது.

ஸ்கூல் நாடகம் போடறவங்களுக்கு ஒரு வார்த்தை. பசங்களே பொம்பளை வேஷமும் போட்ட அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுக்கள்ல மகரக்கட்டு உடைஞ்ச, அதாவது வயசு வந்து குரல் மாறின பையனுக்கு ஸ்திரீ பார்ட் போயிடும், அந்த வயசைக் கண்டு பசங்க நடுங்குவாங்க. இப்போ அந்த பயம் இல்லை, ஆனா பன்னெண்டு பதினாலு வயசுல குரல் உடையற பையனை சின்ன வயசுக் குரல்லயே பேசுன்னு அழுத்தறது இன்னும் நடக்குது. அவனுக்கு வர்ற சுருதியில பேச விடுங்க, பார்ட்டை மாத்துங்க, கிளாஸ்ல யாரையும் சிரிக்க விடாதீங்க.

குரல் கரகரப்பு மூணு நாலு வாரம் தாண்டியும் போகலைன்னா நாடகம் இருந்தாலும் இல்லாட்டியும் தொண்டையை ஸ்கோப் பண்ணிப் பார்க்கணும். சிகரெட், புகையிலை பழக்கம் இருந்தா, முழுங்க கஷ்டமா இருந்தா, எச்சில்ல ரத்தம் தெரிஞ்சா, கழுத்துல கட்டி தட்டுப்பட்டா அவ்வளவு நாள் கூட காத்திருக்க வேண்டாம். சில நிமிஷ வேலைதான் அது, படுக்க வைக்க மாட்டாங்க, மயக்கம் கொடுக்க மாட்டாங்க, உங்க குரல்நாண் ஆடறதை நீங்களே ஸ்கிரீன்ல பார்க்கலாம்.