ஃபெடரல்: கூட்டாட்சியா, கூட்டரசா, மத்திய அரசா?

எங்க அக்கா பொண்ணு நியூ ஜெர்சில பதினொண்ணாவது படிக்கிறா, இந்த வருஷம் ஏபி கவர்மென்ட் எடுத்திருக்கா. ஹைஸ்கூல்ல இருந்துக்கிட்டே காலேஜ் லெவல்ல அமெரிக்க அரசும் அரசியலும் படிக்கிற கோர்ஸ் அது, மே மாசம் காலேஜ் போர்டுங்கிற அமைப்பு எக்ஸாம் வைக்கும், 5க்கு எவ்வளவுன்னு ஸ்கோர் வரும், நல்லா எடுத்தா நிறைய காலேஜ்ல கிரெடிட் குடுப்பாங்க. போன வாரம் வீடியோ கால்ல எங்க அம்மா "என்ன கண்ணு படிச்சிட்டிருக்க"ன்னு கேட்டாங்க. அவ "ஃபெடரலிசம் பாட்டி"ன்னா. அப்படின்னா என்னன்னு அம்மா கேக்க, அவ "சித்தி, தமிழ்ல என்ன சொல்வாங்க"ன்னு என்னைக் கேட்டா. நானும் யோசிக்காம "கூட்டாட்சி"ன்னு சொல்லிட்டேன். உடனே அம்மா, "ஓ, நாலு கட்சி சேர்ந்து ஆளுறதா, அங்கயும் அப்படித்தானா"ன்னாங்க.

அவ படிக்கிறது நாடு முழுசுக்குமான அரசும் மாநில அரசுகளும் அதிகாரத்தைப் பங்கு போட்டுக்கிற முறைய. ஆனா அம்மா மேல தப்பே இல்ல. கூட்டாட்சின்னு காதுல விழுந்தா நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு கூட்டணி ஆட்சிதான் ஞாபகம் வரும். 1970ல திருச்சி மாநாட்டுல திமுக வச்ச ஐம்பெரும் முழக்கத்துல கடைசியா வர்ற "மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி"ய எத்தனையோ மேடைல கேட்டு வளர்ந்த ஊர் இது, ஆனா அதுல வர்ற கூட்டாட்சிய கூட்டணி மந்திரிசபைன்னு புரிஞ்சிக்கிட்ட ஆளுங்கள எனக்கே தெரியும். நான் மொழிபெயர்ப்பு வேலை பாக்குறவ, இந்த ஒரு சொல் சரியா போய்ச் சேரலங்கிறது அன்னிக்கு ராத்திரி பூரா உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

சரி, சொல்லோட வேருக்குப் போவோம். ஃபெடரல் வந்தது லத்தீன்ல இருக்குற ஃபோய்டுஸ்ங்கிற சொல்லுலேர்ந்து. அதுக்கு உடன்படிக்கை, ஒப்பந்தம்னு பொருள். நம்பிக்கைன்னு பொருள்படுற ஃபிடெஸும் இதுவும் ஒரே வேர்தான். அதாவது ஒருத்தரை ஒருத்தர் நம்பி, வாக்குக் குடுத்து, கட்டுப்பட்டு சேர்றது. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, மேல ஒருத்தன் உக்காந்து அதட்டுறாங்கிற அர்த்தம் அந்த வேர்ல துளிகூட கிடையாது, வாக்குக் குடுத்து கை கோக்குறதுதான் இருக்கு. இதுக்கு முன்னாடி "சேர்ந்து"ன்னு பொருள் தர்ற கான் ஒட்டிக்கிட்டா கான்ஃபெடரேஷன்.

இந்த கான்ஃபெடரேஷன்லதான் அவ பாடமும் ஆரம்பிக்குது. பிரிட்டனை எதிர்த்துக் கிளம்பின 13 மாநிலமும் 1781ல ஆர்டிகிள்ஸ் ஆஃப் கான்ஃபெடரேஷன்னு ஒரு ஏற்பாட்டுக்குள்ள வந்துச்சு. அந்த ஏட்டுலயே அதை உறுதியான நட்புக் கூட்டுன்னுதான் எழுதி வச்சிருக்காங்க. மாநிலத்துக்கு ஒரு ஓட்டு, காங்கிரஸ்ங்கிற பொது சபைக்கு வரி போடுற அதிகாரமே கிடையாது, மாநிலங்கள்கிட்ட கேட்டு வாங்கணும், ஒரு விதிய திருத்தணும்னா 13 பேரும் சரின்னு சொல்லணும். 1786ல மாசசூசெட்ஸ்ல கடன்பட்ட விவசாயிங்க டேனியல் ஷேஸ் தலைமைல ஆயுதத்தோட எழுந்தப்ப அதை அடக்க அந்தப் பொது அரசால ஒண்ணும் பண்ண முடியல. அடுத்த வருஷமே ஃபிலடெல்ஃபியால கூடி புது அரசமைப்பு எழுதினாங்க.

இங்கதான் அந்தச் சொல்லே கை மாறுது. எனக்கு இந்தக் கதைலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். அந்தக் காலத்துல ஃபெடரல்னா மாநிலங்கள் தளர்வா சேர்ந்திருக்குற ஏற்பாடு, ஒரே வலுவான அரசுன்னா அதுக்கு நேஷனல்னு பேரு. ஆனா வலுவான பொது அரசு வேணும்னு வாதாடின தலைவர்கள் ஹாமில்டன், மேடிசன் கூட்டம் முந்திக்கிட்டு ஃபெடரலிஸ்ட்னு பேரு வச்சிக்கிச்சு. மாநிலத்தோட உரிமைக்காகப் பேசினவங்க, "நியாயமாப் பாத்தா நாங்கதானே ஃபெடரலிஸ்ட்"னு சொல்லிப் பாத்தாங்க, எடுபடல, அவங்க தலைல ஆன்ட்டி ஃபெடரலிஸ்ட்னு பேர் விழுந்துடுச்சு. அவங்க பக்கத்துலேர்ந்து புரூட்டஸ்ங்கிற புனைபேர்ல வந்த முதல் கட்டுரையும், ஹாமில்டன் பக்கத்துலேர்ந்து பப்ளியஸ்ங்கிற புனைபேர்ல வந்த 85 கட்டுரைல நாலும் இன்னிக்கு ஏபி கவர்மென்ட்ல கட்டாயமாப் படிக்க வேண்டிய 9 ஆவணத்துல இருக்கு. மேடிசன் 39ஆவது கட்டுரைல நேர்மையாவே ஒத்துக்கிறார், இது முழு ஃபெடரலும் இல்ல, முழு நேஷனலும் இல்ல, ரெண்டும் கலந்ததுன்னு. அதுக்கும் மேல ஒண்ணு, அவங்க எழுதின அந்த அரசமைப்பு மூலத்துல ஃபெடரல்ங்கிற வார்த்தையே ஒரு இடத்துலகூட வராது.

அதனாலதான் இன்னிக்கு அந்தச் சொல் ரெண்டு பக்கமும் இழுக்குது. ஃபெடரல் சிஸ்டம்னா ரெண்டு அடுக்கு அரசும் அதிகாரத்தைப் பங்கு போட்டுக்கிற முறை. ஃபெடரல் கவர்மென்ட்னா அந்த ரெண்டுல வாஷிங்டன்ல இருக்குற ஒரு அரசு மட்டும். ஃபெடரலிசத்தை ஆதரிக்கிறேன்னு ஒருத்தர் அமெரிக்காவுல சொன்னா மாநிலத்துக்கு அதிகாரம் வேணும்னு சொல்றார்னு இருக்கலாம், ஃபெடரல் பவர்னு சொன்னாலோ வாஷிங்டனோட அதிகாரம். இதுல முழிக்காத ஸ்டூடண்டே இருக்க மாட்டாங்க, எங்க பொண்ணும் ஃப்ளாஷ் கார்டுல ஒரு பக்கம் ஃபெடரலிசம்னு எழுதி பின்பக்கம் "சென்ட்ரல் கவர்மென்ட் ஸ்ட்ராங்"னு எழுதி வச்சிருந்தா, நான்தான் அழிக்கச் சொன்னேன்.

அவளுக்கு நான் காட்டினது லோபஸ் வழக்கு, அது அவ சிலபஸ்லயே இருக்கு. டெக்சஸ்ல சான் அன்டோனியோல பன்னெண்டாவது படிக்கிற பையன் துப்பாக்கியோட ஸ்கூலுக்கு வந்து மாட்டிக்கிட்டான். முதல்ல டெக்சஸ் மாநிலச் சட்டப்படி கேஸ், அப்புறம் அதை விட்டுட்டு 1990ல வந்த ஃபெடரல் சட்டப்படி கேஸ். ஒரே பையன், ஒரே துப்பாக்கி, ரெண்டு அரசு. 1995ல சுப்ரீம் கோர்ட் 5க்கு 4ன்னு சொல்லிடுச்சு, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு இருக்குறது மாநிலங்களுக்கு இடையில நடக்குற வணிகத்தை ஒழுங்குபடுத்துற அதிகாரம், ஸ்கூல் பக்கத்துல துப்பாக்கி வச்சிருக்குறது வணிகமே இல்ல, அதனால அந்தச் சட்டம் செல்லாதுன்னு. இதுக்கு நேர் எதிரா 1819ல மெக்கல்லக் வழக்கு, ஃபெடரல் பேங்க் மேல மேரிலாந்து மாநிலம் வரி போட முடியாதுன்னு தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பு எழுதினார். இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சா பாதி யூனிட் புரிஞ்சிடும்.

இப்ப தமிழுக்கு வர்றேன். பேப்பர்ல அமெரிக்க ஃபெடரல் கவர்மென்டை மத்திய அரசுன்னு எழுதுறது சுலபமா இருக்கு, ஆனா அது சரியில்ல. மத்தின்னா நடு, நடுவுல ஒண்ணு இருந்தா மத்ததெல்லாம் ஓரம்னு ஆயிடுது. ஃபோய்டுஸ்ல இருந்த அந்தக் கை கோக்குற அர்த்தம் சுத்தமாத் தொலைஞ்சு போகுது. இன்னொரு சிக்கலும் உண்டு, சிஐஏல இருக்குறது சென்ட்ரல், எஃப்பிஐல இருக்குறது ஃபெடரல், ரெண்டுக்கும் மத்தியன்னு போட்டா எது எதுன்னு யாருக்குத் தெரியும்? ஒன்றிய அரசுங்கிறது இந்தியாவுக்குப் பொருந்தும், நம்ம அரசமைப்பு முதல் பிரிவுலயே மாநிலங்களின் ஒன்றியம்னு இருக்கு. அமெரிக்கக் கதைல ஒன்றியம்னா அது யூனியன், உள்நாட்டுப் போர்ல லிங்கன் நின்ன பக்கம், எதிர்ல நின்ன தென்மாநிலங்கள்தான் கான்ஃபெடரசி. ஒன்றியத்தை யூனியனுக்கும் கூட்டமைப்பைக் கான்ஃபெடரேஷனுக்கும் விட்டுடணும்.

இலங்கைத் தமிழர்கிட்ட இதுக்கு சமஷ்டின்னு ஒரு சொல் ரொம்பக் காலமா இருக்கு. 1949ல செல்வநாயகம் ஆரம்பிச்ச இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு இங்கிலீஷ்ல ஃபெடரல் பார்ட்டின்னே பேரு, சனங்களும் சமஷ்டிக் கட்சின்னே சொல்வாங்க. தனித்தனியா இருக்குறது வியஷ்டி, எல்லாம் சேர்ந்த மொத்தம் சமஷ்டி, சமஸ்கிருதச் சொல்தான், ஆனா அங்க அதுக்குப் பின்னாடி அவ்வளவு போராட்டம் இருக்கு, அந்தச் சொல்லைக் கேட்டா யாரும் கூட்டணின்னு குழப்பிக்க மாட்டாங்க. நம்ம பக்கத்துல அது புழங்காததால இங்க கொண்டு வந்து நட்டா பிடிக்காது.

எனக்குத் தீர்வு கிடைச்சது மலேசியாவுலேர்ந்து. கோலாலம்பூரை அங்க தமிழ்ல கூட்டரசு பிரதேசம்னு சொல்றாங்க, ஃபெடரல் கோர்ட்டுக்கு கூட்டரசு நீதிமன்றம். எவ்வளவு அழகா உக்காருது பாருங்க! கூடிச் சேர்ந்ததால உண்டான அரசு, அவ்வளவுதான், மேலயும் இல்ல நடுவுலயும் இல்ல. அதனால முறையைச் சொல்லும்போது கூட்டாட்சி, வாஷிங்டன்ல இருக்குற அரசைச் சொல்லும்போது கூட்டரசு. இங்கிலீஷ்லயே ஒரே சொல் ரெண்டு வேலை பாத்து குழப்புது, தமிழ்ல நமக்கு ரெண்டு சொல் இருக்குங்கிறப்ப அதை ஏன் விடணும்? பல கட்சி சேர்ந்து ஆளுறதுக்கு கூட்டணி ஆட்சின்னு முழுசாச் சொல்லிட்டா அந்தப் பக்கக் குழப்பமும் தீரும்.

ஞாயித்துக்கிழமை மறுபடி கால் வந்துச்சு. நான் எதுவும் பேசல, அவளே விளக்கட்டும்னு விட்டுட்டேன். அவ ஒரு கைல அவ அப்பாவோட டிரைவிங் லைசென்ஸ், இன்னொரு கைல தன்னோட பாஸ்போர்ட்டைப் பிடிச்சு கேமரா முன்னாடி காட்டி, "பாட்டி, இது நியூ ஜெர்சி அரசு குடுத்தது, இது கூட்டரசு குடுத்தது, இதை அவங்க குடுக்க முடியாது, அதை இவங்க குடுக்க முடியாது"ன்னா. அம்மா ரெண்டையும் உத்துப் பாத்துட்டு, "அப்ப வரி யாருக்குக் கட்டுவீங்க"ன்னாங்க. "ரெண்டு பேருக்கும் பாட்டி, ஏப்ரல் வந்தா அப்பா ரெண்டு ரிட்டர்ன் போடுவார்"ன்னா. "ரெண்டு வீட்டுக்கும் மொய் வைக்கிற மாதிரி"ன்னு அம்மா சொன்னாங்க. மொய்னா என்ன சித்தின்னு அவ கேட்டா, அவசரமாக் கிளம்ப அவளுக்கு ஸ்கூல் பஸ்ஸும் இல்ல, ஞாயித்துக்கிழமைதானே, நிதானமா உக்காந்து சொன்னேன்.