வயிறு நிறைந்தும் எடை ஏறாத குழந்தை: ராகிக் கூழின் கணக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு ராகிக் கூழ் ஊட்டாத வீடு குறைவு. நல்ல வழக்கம்தான். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. 2023-இல் தருமபுரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி தரத் தொடங்கினார்கள். அப்படியிருந்தும், "மூணு வேளையும் கூழ் குடிக்குது, எடை மட்டும் ஏறமாட்டேங்குது" என்று அம்மாக்கள் கவலைப்படுவது ஏன்? பிசகு ராகியில் இல்லை, அதில் ஊற்றும் தண்ணீரில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தாய்ப்பால் குடிக்கும் 6 முதல் 8 மாதக் குழந்தைக்கு, பால் போக மற்ற உணவிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி வேண்டும். 10 கிராம் மாவை ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் கிடைப்பது ஏறக்குறைய 32 கலோரி. 200 கலோரிக்கு அப்படி ஆறு டம்ளர் குடிக்க வேண்டும். ஏழு கிலோ குழந்தையின் இரைப்பை ஒரு தடவைக்குக் கொள்வதே சுமார் 210 மில்லிதான். ஒரு டம்ளரிலேயே வயிறு நிறைந்துவிடும். அதற்கப்புறம் தாய்ப்பாலுக்கும் இடமில்லை.

சரி, மாவைக் கூட்டிப் போட்டால் என்ன? கூழ் களியாகிவிடும். மாவுச்சத்துத் துகள்கள் சூட்டில் தண்ணீரை உறிஞ்சிப் பல மடங்கு ஊதுகின்றன. ஆறும்போது இன்னும் இறுகுகின்றன. பல் முளைக்காத வாய்க்கு அது விழுங்க வராது. அதனால்தான் கை தானாகத் தண்ணீர்ச் செம்பைத் தேடுகிறது.

முளைகட்டிய ராகி இந்தச் சிக்கலை அவிழ்க்கிறது. விதை முளைவிடும்போது, சேமித்து வைத்த மாவுச்சத்தை உடைக்க அமைலேஸ் என்ற நொதியைத் தயாரித்துக்கொள்கிறது. நீண்ட சங்கிலியாக இருக்கும் மாவுச்சத்தை அது துண்டு துண்டாக வெட்டுகிறது. துண்டுகளால் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாது. கூழ் இளகுகிறது, கலோரி அப்படியே இருக்கிறது. 1980-களில் பரோடாவில் ஊட்டச்சத்து ஆய்வாளர் தாரா கோபால்தாஸ் குழுவினர் இதைக் குழந்தை உணவுக்காக ஆராய்ந்தார்கள். சாதாக் கூழை இளக்க, முளைகட்டிய ராகியை உலர்த்தி அரைத்த முளைமாவு சிறிதளவே போதும்.

ராகியைக் கல், மண் போகக் கழுவி ஓர் இரவு ஊறவையுங்கள். தண்ணீரை வடித்து ஈரத்துணியில் தளர்வாகக் கட்டி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் ஒன்றரை, இரண்டு நாளில் அரை சென்டிமீட்டர் முளை வரும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிரில் இன்னொரு நாள் கூடலாம். பிசுபிசுத்தாலோ பூஞ்சை வாடை அடித்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். நன்றாக உலர்த்தி, முளையைக் கையால் தேய்த்து உதிர்த்துவிட்டு அரையுங்கள்.

ஒரு வேளைக்கு 15 கிராம் சாதா ராகி மாவு, 100 மில்லி தண்ணீர். கட்டி தட்டாமல் கிளறி ஏழெட்டு நிமிடம் வேகவையுங்கள், கெட்டியாகத்தான் வரும். அடுப்பிலிருந்து இறக்கி, கொதிப்பு அடங்கி ஆவி மட்டும் பறக்கும் வரை மூன்று நான்கு நிமிடம் பொறுங்கள். இப்போது முளைமாவு அரைத் தேக்கரண்டி தூவிக் கிளறுங்கள். சற்று நேரத்தில், நட்டு வைத்தால் நின்ற கரண்டி சாயும். கூழ் வழியத் தொடங்கும். நக்கிப் பார்த்தால் லேசாக இனிக்கும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அடுப்பில் ஏற்றி இரண்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். முளைகட்டும் ஈரத்தில் கிருமியும் வளரும் என்பதால் இந்த இரண்டாவது கொதியை விடவே கூடாது. அரைத் தேக்கரண்டி நெய்யோ கடலெண்ணெயோ சேர்த்தால் ஒரு வேளைக்கு 70 கலோரி ஆகிறது.

கூழ் இளகவில்லையென்றால் பெரும்பாலும் காரணம் சூடுதான். நொதிக்குத் தோதான சூடு 60, 70 டிகிரி. கொதிக்கும் கூழில் கொட்டினால் வேலை தொடங்கும் முன்பே செத்துவிடும். மணத்துக்காக முளைராகியைச் சிவக்க வறுத்தாலும் அதே கதிதான்.

துணியில் வடிகட்டி ராகிப்பால் எடுப்பது முதல் சில நாளுக்குச் சரி. மேல்தோலில்தான் கால்சியம் செறிந்திருக்கிறது. மாதக்கணக்கில் வடிகட்டினால் அது சக்கையோடு போய்விடும். ராகியில் உள்ள இரும்புச்சத்தும் எளிதில் உடம்பில் சேராது. ஊட்டும்போது நாலைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் கூடுதலாகச் சேரும். ராகி மட்டுமே போதாது: ஒரு வேளையாவது மசித்த பருப்போ நன்றாக வெந்த முட்டையோ இருக்கட்டும். ஒரு வயதுவரை உப்பும் சர்க்கரையும் வேண்டாம், வெல்லமும் சர்க்கரையே. தேன் தொடவே கூடாது; அதிலிருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் விதை பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சு கக்கும்.

கடைசியாக, எந்தத் தண்ணீர் என்பது. இந்த இரு மாவட்டங்களிலும் பல ஊர் ஆழ்துளைக் கிணறுகளில் ஃப்ளூரைடு அதிகம். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளூரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு ஏறத்தான் செய்யும். நிலைத்த பற்களின் எனாமல் ஈறுக்குள்ளே உருவாவது இந்த வயதில்தான். அப்போது ஃப்ளூரைடால் படிந்த கறையை ஏழு வயதில் பல் வெளியே வந்த பிறகு துலக்கிப் போக்க முடியாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் ஊரில் குழந்தையின் கூழுக்கு அந்தத் தண்ணீரைத் தனிக் குடத்தில் பிடித்து வையுங்கள். வராத ஊரில் போர்த் தண்ணீரைப் பரிசோதித்து, லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் ஃப்ளூரைடு இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.